குழம்பாவதற்கு முன்னால் எடுத்து வையுங்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. நாலு வயது லாப்ரடார், பெண், கருத்தடை செய்தது, 25 கிலோ. குட்டியிலிருந்தே இரண்டு வேளையும் ட்ரை ஃபுட் மட்டும்தான். இப்போது பத்து நாளாகத் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. முட்டை, கோழி, காய்கறி ஏதாவது சேர்க்கலாமா என்று கேட்டால் தீவனம் விற்கிறவர் "ரெண்டையும் கலந்தால் செரிக்காது" என்கிறாராம். வீட்டில் அப்பத்தாவோ, "அந்தக் காலத்துல கறிக்குழம்புச் சோறு தின்னுதானே எல்லா நாயும் வளர்ந்துச்சு" என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. கடைக்காரர் சொல்வது வெறும் தப்பு, அப்பத்தா சொல்வது நாயை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகிற தப்பு. தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அது நம் அடுப்படியில் குழம்பாவதற்கு முன்னால் எடுத்து வைத்துவிட வேண்டும், சேர்த்த அளவுக்கு ட்ரை ஃபுட்டைக் குறைத்துவிட வேண்டும். இனி எழுதப்போவதெல்லாம் இந்த இரண்டுக்குமான விளக்கம்தான்.

நான் மருத்துவர் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கால்நடை ஆய்வாளராக அலைந்தவன். மாடும் ஆடும் என் பிழைப்பு, நாய் என் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. லாப்ரடார் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை. அந்த இனத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு நாய்க்குப் பசி அடங்காமல் இருப்பதற்குக் காரணமான ஒரு மரபணுக் குறையே இருக்கிறது என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கல்லைத் தவிர எல்லாவற்றையும் தின்னும், சில சமயம் கல்லையும் தின்னும். அப்படிப்பட்ட நாய் பத்து நாள் முகம் திருப்பினால் 'ருசி அலுத்துப்போச்சு' என்று நாமாக முடிவு கட்டக்கூடாது. ஈறு வெளுத்திருக்கிறதா, பல் ஆடுகிறதா, காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் எந்த மாதமும் வரும், அதன் முதல் அடையாளமே சாப்பாடு குறைவதுதான். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, தீவன மூட்டை. பெரிய மூட்டையாக வாங்கி வாயைத் திறந்தபடியே வைத்திருந்தால் நம்மூர் சித்திரை வெயிலில் அதன் மேல் பூசியிருக்கும் கொழுப்பு சிக்கு வாடை பிடித்துவிடும். நமக்குத் தெரிவதற்கு முன்னால் நாய் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோகிற அளவு வாங்குங்கள், வந்த பையோடு சேர்த்து மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பையிலிருந்து கொட்டி எடைபோட்டு உதிரியாக விற்பதை வாங்கவே வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் கேள்விக்கு வருவோம்.

கடைக்காரரின் 'கலந்தால் செரிக்காது' என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. நாயின் வயிறு கோழி வேறு, தீவனம் வேறு என்று தனித்தனிப் பாத்திரம் வைத்துச் சமைப்பதில்லை, எல்லாம் ஒரே அமிலத்தில்தான் கரைகிறது. அவர் பார்த்திருக்கக்கூடியது வேறு: நாலு வருடம் ஒரே தீவனம் தின்ற நாய்க்கு ஒரே நாளில் அரைக் கிலோ கோழியை வைத்தால் மறுநாள் முற்றம் முழுக்கக் கழியும். அது கலந்ததால் இல்லை, திடீரென்று மாற்றியதால். முதல் நாள் ஒரு ஸ்பூன், அதுவும் ஒரே பொருள், மூன்று நாள் மலத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பொருள் என்று போனால் ஒன்றும் ஆகாது.

இப்போது கணக்கு. எரிச்சலாக இருந்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கருத்தடை செய்த, அதிகம் ஓடாத, 25 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1100 கலோரி போதும். ட்ரை ஃபுட் பெரும்பாலும் 100 கிராமுக்கு 350-லிருந்து 400 கலோரிக்குள் இருக்கும், பையிலேயே போட்டிருப்பார்கள். 360 என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 300 கிராம் சொச்சம். மேலே சேர்ப்பது எல்லாம் சேர்த்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. உங்கள் நாய்க்கு அது 110 கலோரி. அதைக் கொடுக்கும் நாளில் தட்டிலிருந்து 30 கிராம் தீவனத்தை எடுத்துவிட வேண்டும். கண்ணளவு வேண்டாம், சமையல் தராசில் போடுங்கள். 'ஒரு கப்' என்று அளக்கிற வீட்டிலெல்லாம் அந்தக் கப்பும் வளரும், கூடவே நாயும் வளரும்.

ஏன் பத்தில் ஒன்று? தீவனக்காரர்கள் சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், செம்பு, வைட்டமின் என்று ஒன்றுக்கொன்று விகிதம் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் குழம்பு கெடாது, குடம் குடமாக ஊற்றினால் ரசமாகிவிடும் இல்லையா, அப்படித்தான். வெறும் கோழிக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது, கால்சியமோ இருபதைக்கூட எட்டாது. நாய்க்கு இரண்டும் சமமாகவாவது இருக்க வேண்டும், கால்சியம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. பாதித் தட்டைக் கறியால் நிரப்பி மாதக்கணக்கில் ஓட்டினால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். 2013இல் கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வீட்டுச் சமையல் நாய் உணவுக்கான 200 செய்முறைகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். அதில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைவாக இருந்தது, அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் சேர்த்தி. ஆகவே முழுக்க வீட்டுச் சமையலுக்கு மாறுவது தனிக் கதை, அதற்கு உணவியல் தெரிந்த மருத்துவர் எழுதிய அளவு வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு அந்தத் தலைவலி இல்லை.

சரி, இப்போது அப்பத்தாவின் கறிக்குழம்பு.

நம் செட்டிநாட்டுக் குழம்பில் என்னென்ன போகிறது என்று ஒரு நிமிடம் நாயின் பக்கம் நின்று பாருங்கள். ஒரு கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு கை வெள்ளைப்பூண்டு, புளி, காரம், உப்பு, நல்லெண்ணெய். இதில் நாய்க்கு ஆகாதது காரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், அதனால் சோற்றைக் கழுவிப் போடுகிறோம், அல்லது தயிரை ஊற்றிப் பிசைகிறோம். காரம் வயிற்றைத்தான் எரிக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுக்கும். அவற்றில் இருக்கும் கந்தகப் பொருள்கள் நாயின் சிவப்பணுவைச் சிதைக்கின்றன, அணுக்கள் உடைந்து ரத்தசோகை வருகிறது. வதக்கினாலும், வேக வைத்தாலும், வடகமாகக் காய வைத்துத் தாளித்தாலும் அந்த விஷம் போவதில்லை. சாறு இறங்கிய குழம்பிலும் இருக்கும், ஆகவே வெங்காயத்தைப் பொறுக்கிவிட்டுக் கொடுப்பதிலும் பிரயோஜனம் இல்லை. நாயின் எடையில் இருநூறில் ஒரு பங்கு வெங்காயம், அதாவது 20 கிலோ நாய்க்கு 100 கிராம், ஒரே தடவையில் உள்ளே போனாலே நச்சாகலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேர்ந்துகொள்ளும். பூண்டு அதைவிட வீரியம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னிடம் முதலில் இருந்த நாய் கோம்பை என்கிற நாட்டு இனத்தின் கலப்பு, கருப்பன் என்று பெயர். வீட்டில் கிடாவெட்டு முடிந்து அண்டாவில் மிஞ்சிய குழம்பையும் சோற்றையும் நான்தான் மூன்று நாள் பிசைந்து பிசைந்து வைத்தேன், அதுவும் ஆசை ஆசையாக. ஐந்தாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. ஈறு கடுதாசி மாதிரி வெளுத்துக் கிடந்தது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. நான் உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து ஊசியோடு நின்றேன். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு அமைதியாக ஒரே கேள்விதான் கேட்டார்: "கறிக்குழம்பு எத்தனை நாளாகப் போட்டீங்க?" துறையில் வேலை பார்க்கிறவன், ஊராருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன், எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். கருப்பன் பிழைத்துக்கொண்டான், பழையபடி ஓட ஒரு மாதம் ஆனது.

அப்படியென்றால் காலங்காலமாகக் குழம்புச் சோறு தின்ற நாய்கள் எப்படி இருந்தன என்று அப்பத்தா கேட்பார், நியாயமான கேள்விதான். அந்த நாய்களுக்குக் கிடைத்தது முக்கால்வாசி வெறும் சோறு, மேலே ஒரு கரண்டி சாறு. மீதிப் பசிக்கு எலி, அணில், ஊர்க் குப்பை என்று தானே தேடிக்கொண்டன. சோர்ந்து படுத்துச் செத்தவற்றை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. வெளுத்த ஈறு உண்ணியாலா வெங்காயத்தாலா என்று கேட்கவும் ஆளில்லை. பிழைத்த நாயைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

புளி விஷயம் புதுசு, இது பலருக்கும் இன்னும் தெரியாது. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது வெகு நாளாகத் தெரியும், எதனால் என்றுதான் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவில் விலங்கு நச்சுத் தடுப்பு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2021-22 வாக்கில் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்களில் புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களும் உண்டு, ஏனென்றால் புளியின் புளிப்பில் பெரும்பகுதி அதே அமிலம்தான். ஒரு நக்கு நக்கிவிட்டது என்று பதற வேண்டாம், ஆனால் புளிக்குழம்பு, புளி ஊற்றிச் செய்கிற மண்டி, புளியோதரை எதையும் தட்டில் வைக்காதீர்கள். புளி அடைத்த பானையையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பாயசத்திலும் கேசரியிலும் நெய்யில் வறுத்துப் போடுகிற திராட்சைக்கும் இதே சட்டம்தான், சொல்லப்போனால் அதற்குத்தான் முதலில்.

எலும்பு. வெந்த எலும்பு எதுவானாலும் வேண்டாம், கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும். நல்லி எலும்பை வட்டமாக வெட்டிக் கொடுத்து, அது கீழ்த் தாடையில் வளையம் மாதிரி மாட்டிக்கொண்டு, எடுக்க வழி தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் எண்ணெய். கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் காவல்காரர்கள் நாய் வளர்ப்பார்கள், வருடம் முழுக்கச் சோறும் மோரும்தான். என்றைக்காவது அந்த வீட்டில் கல்யாணம் நடந்தால் மிச்சமான வறுவலும் பணியாரமும் மொத்தமாக அதன் வயிற்றுக்குள் போகும். மறுநாளோ அதற்கு மறுநாளோ வாந்தி, முன்கால் தரையில், பின்பக்கம் தூக்கியபடி நமஸ்காரம் செய்கிற மாதிரி நிற்கும். அது கணைய வீக்கம், வலியில் நிற்கிறது. உப்புக்கண்டம், கருவாடு, ஊறுகாய் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதைக் கொடுக்கலாம் என்பதற்கு வருவோம், இது சுலபம். சமைக்கும்போது மசாலா போடுவதற்கு முன், உப்புப் போடுவதற்கு முன், நாயின் பங்கைத் தனியாக எடுத்து வெறும் தண்ணீரில் வேக வையுங்கள். தனிச் சமையல் தேவையே இல்லை, கறி கழுவியதும் நாலு துண்டு, காய் நறுக்கியதும் ஒரு பிடி.

முட்டையில் ஆரம்பியுங்கள். அவித்த முட்டை ஒன்று சுமார் 70 கலோரி, 6 கிராம் புரதம், உங்கள் நாய்க்கு ஒன்று விட்டு ஒரு நாள் ஒரு முட்டை தாராளம். பச்சை வெள்ளைக்கருவில் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருள் இருக்கிறது, வேக வைத்தால் அது செயலிழந்துவிடும். ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். ஒரு ஓட்டில் 2 கிராம் கால்சியம் இருக்கும், ட்ரை ஃபுட் தின்கிற நாய்க்கு அது தேவையில்லை. குட்டி என்றால் ஆபத்துகூட. பெரிய இனக் குட்டிகள் அதிகமாக வரும் கால்சியத்தைத் தள்ளத் தெரியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும், கால் வளையும். குட்டிக்கு வைட்டமின் டானிக்கும் கால்சியம் டானிக்கும் வாங்கி ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கோழி என்றால் தோலும் எலும்பும் இல்லாமல் வெந்த துண்டு 50 கிராம், அதுவே 80 கலோரி ஆகிவிடும். வேக வைத்த தண்ணீரை ஆற வைத்து, மேலே உறைந்த கொழுப்பை வழித்துவிட்டுத் தீவனத்தின் மேல் ஊற்றுங்கள், பாதி நாய்களுக்கு இது ஒன்றே போதும், கறியே வேண்டாம். ட்ரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீதம்தான் இருக்கும் என்பதால் வெயில் காலத்தில் இப்படித் தண்ணீர் உள்ளே போவதே ஒரு நன்மை. ஆனால் நனைத்த தீவனத்தை அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள், நம் சூட்டில் புளித்துவிடும்.

மீனில் சாளைதான் என் கட்சி. தொண்டிப் பக்கமிருந்து வருகிற சாளை விலையும் மலிவு, அதன் கொழுப்பு தோலுக்கும் மூட்டுக்கும் நல்லது. குடலை எடுத்துவிட்டுக் குக்கரில் முள் மசிகிற வரை வேக வைத்து, வாரத்தில் இரண்டு நாள் ஒன்றோ இரண்டோ. ஆட்டு ஈரல் வாரம் ஒரு தடவை, கட்டை விரல் அளவு துண்டு. ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது, அது உடம்பில் தங்கிவிடும், 'சத்து' என்று தினமும் கொடுப்பது தவறு.

ஆட்டின் ஈரல், நுரையீரல், குடல் எதையும் பச்சையாக வீசவே கூடாது. கிடா வெட்டுகிற இடத்தில் நாய் காத்துக்கொண்டு நிற்கும், நாமும் வீசுவோம். அந்த நுரையீரலில் சில சமயம் நீர்க்கட்டி இருக்கும், அது ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அது புழுவாகிறது, மலத்தில் முட்டை வருகிறது, அந்த முட்டை கை வழியாக நம் வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் குழந்தையின் ஈரலில் அதே கட்டி வளரும். நான் வேலை பார்த்த காலத்தில் ஆட்டிறைச்சிக் கடைக்காரர்களிடம் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான்.

காய்கறியில் பரங்கிக்காய்க்கு இணை இல்லை. தோல் சீவி, வேக வைத்து, மசித்து ஒரு கை அளவு, நூறு கிராமே இருபத்தைந்து கலோரிதான், மலமும் ஒழுங்காகும். கேரட், பீன்ஸ், வெள்ளரி, புடலை எல்லாம் சரி. பச்சையாகத் துண்டு போட்டால் போன மாதிரியே வெளியே வரும், மசித்தால்தான் பலன். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி வேக வைத்துப் போடலாம், சிறுநீர்க் கல் வந்த நாய் என்றால் கீரையை விட்டுவிடுங்கள். 2005இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வாரம் மூன்று தடவையாவது காய்கறி தின்றவற்றுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறைவாக இருந்தது. ஒரே இனம், சொந்தக்காரர்களிடம் கேட்டு எழுதிய கணக்கு, ஆகவே எல்லா நாய்க்கும் இது சத்தியம் என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பரங்கிக்காய் கீற்று பத்து ரூபாய், அதற்கு இவ்வளவு ஆதாரம் எனக்குப் போதும்.

சோறு விஷம் இல்லை. ஓநாயிடமிருந்து பிரிந்து மனிதனோடு வாழ்ந்த காலத்தில் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு பெருகியிருப்பதை 2013இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் 100 கிராம் சோறு 130 கலோரி, உங்கள் 110ஐ அதுவே விழுங்கிவிடும், பதிலுக்குச் சத்து என்று பெரிதாக எதுவும் தராது. புளிக்காத தயிர் இரண்டு ஸ்பூன் கொடுக்கலாம். பழத்தில் கொட்டை நீக்கிய பப்பாளி, தர்பூசணி. மாங்கொட்டை குடலை அடைக்கும், மாம்பழம் தின்றுவிட்டுக் கொட்டையை முற்றத்தில் எறியாதீர்கள்.

சிறுநீரகம், கணையம், சர்க்கரை என்று ஏற்கெனவே நோய் இருக்கிற நாய்க்கு மேலே சொன்ன எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை போடுங்கள், அரிசி மண்டித் தராசில் ஏற்றினால் அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு கிலோ ஏறியிருந்தால் முட்டையை நிறுத்த வேண்டாம், தீவனத்தைக் குறையுங்கள். அப்பத்தாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள், காய் நறுக்கும்போது நாயின் பங்கை எடுத்து வைப்பது அவர் பொறுப்பு என்று. குழம்பு ஊற்றுகிற கை தானாக நின்றுவிடும்.

ஆனால் தங்கச்சி, இதெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு அப்புறம்தான். பத்து நாள் சாப்பிடாத லாப்ரடாருக்கு முட்டை வைத்து அது தின்றுவிட்டால் நோய் இல்லை என்று நினைத்துவிடுவோம். நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், முடிவு வந்ததும் தட்டணுக்கள் எத்தனை, ஹீமோகுளோபின் எத்தனை என்று எழுதுங்கள்.